சால்மன், ட்ரவுட் தூண்டில் பயணம்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சால்மன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லும் எவரும் முதலில் கேட்பது, "என்ன தூண்டில் வாங்கட்டும்?" என்பதுதான். பதிலுக்கு நான் கேட்பது, "எந்தத் தேதியில் போகிறீர்கள்?" கோலும், தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலும் வாடகைக்குக் கிடைக்கும், ஆற்றில் இல்லாத மீன் வாடகைக்குக் கிடைக்காது. அதனால் கீழே நாள், தண்ணீர் பற்றிய பதில்கள் நீளமாகவும் சாமான்கள் பற்றியவை சுருக்கமாகவும் இருக்கும்.

தூண்டிலைத் தொட்டதே இல்லை. முதல் பயணமே சால்மனுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். படகில் கைடோடு போனால் முள் கட்டுவது, இரை மாட்டுவது, எந்த ஆழத்தில் விடுவது எல்லாம் அவர் பாடு. மீன் மாட்டியதும் பதறாமல் இருப்பது மட்டும் உங்கள் வேலை. உண்மையில் புதியவருக்குச் சிரமம் தருவது ட்ரவுட்தான். தெளிந்த சின்ன ஓடையில் உங்கள் நிழல் விழுந்தால் போதும், அது கல்லுக்கடியில் போய்விடும். கரையில் அழுத்தி நடந்தால் அந்த அதிர்வும் அதற்கு எட்டிவிடும். சால்மன் கையை வலிக்க வைக்கும் என்றால் ட்ரவுட் நம்மைத் திருடனைப் போல நடக்க வைக்கும்.

சால்மனும் ட்ரவுட்டும் வேறு வேறு மீனா?

ஒரே குடும்பம். பெயரை வைத்துப் பிரிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ரெயின்போ ட்ரவுட் என்ற பெயரில் ட்ரவுட் இருந்தாலும் 1989-இல் அறிவியலாளர்கள் அதைப் பசிபிக் சால்மன்களின் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். அதே மீன் கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பினால் அதன் பெயர் ஸ்டீல்ஹெட். பிரவுன் ட்ரவுட் அட்லாண்டிக் சால்மனுக்கு நெருங்கிய சொந்தம். புரூக் ட்ரவுட், லேக் ட்ரவுட் இரண்டுமோ சார் என்ற மூன்றாவது கிளையைச் சேர்ந்தவை.

பயணத்துக்கு இந்த வம்சாவளி எல்லாம் வேண்டாம். ஒன்று தெரிந்தால் போதும். வட அமெரிக்கப் பக்கம் கிடைக்கும் பசிபிக் சால்மன்கள் ஐந்து வகை: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். இவை கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். அட்லாண்டிக் சால்மனில் சில பிழைத்து மறுபடி கடலுக்குப் போகும். ஆக, ஆற்று சால்மன் என்பது வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வந்து போகும் விருந்தாளி. ட்ரவுட் பெரும்பாலும் அங்கேயே குடியிருக்கும். முன்னதற்கு நாள் பார்க்க வேண்டும், பின்னதற்கு நேரம் பார்க்க வேண்டும்.

சரி, எந்த மாதம் போகலாம்?

மீனைச் சொல்லுங்கள், மாதத்தைச் சொல்கிறேன். பலர் விடுமுறையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த வாரத்தில் அங்கே என்ன மீன் வரும் என்று கடைசியில் கேட்கிறார்கள். வரிசை அப்படியே தலைகீழ்.

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சாக்கை கூட்டம் ஜூலை முதல் வாரத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். கோஹோ வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பர். பிங்க் சால்மனுக்கு ஆயுளே சரியாக இரண்டு வருடம். அதனால் கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் அது ஒற்றைப்படை வருடங்களில்தான் பெருந்திரளாக வரும். இரட்டைப்படை வருடத்தில் அதற்காகவே அங்கே போனால் ஆற்றை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். அதே ஃபிரேசரின் கிளையான ஆடம்ஸ் ஆற்றில் சாக்கையின் பெரிய வருகை நான்கு வருடத்துக்கு ஒருமுறை: 2014, 2018, 2022 என்று. நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ ஏரியில் விழும் சால்மன் ஆற்றில் சினூக், கோஹோ இரண்டும் செப்டம்பர், அக்டோபரில் ஏறும். ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் சால்மன் பருவம் ஜனவரி 15-இலேயே திறந்துவிடும், குளிர் தாங்கினால். ஐஸ்லாந்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை.

ட்ரவுட்டுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. தண்ணீரின் வெப்பநிலைதான் அதற்கு நாட்காட்டி. ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக மேயும். 20 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் தளர்ந்துவிடும். அந்த நிலையில் பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைப்பது கடினம். அதனால்தான் கோடையில் நல்ல கைடுகள் விடியற்காலையில் கிளப்பிக்கொண்டு போய் மதியத்துக்குள் முடித்துவிடுவார்கள். சின்ன வெப்பமானி ஒன்று பையில் இருக்கட்டும். நான் வாங்கிய சாமான்களிலேயே உருப்படியானது அதுதான்.

வட கோளத்தில் குளிர் என்றால் தெற்கே போகலாம். நியூசிலாந்தில் பல ஆறுகளில் பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் கடைசிவரை நடக்கும். அங்கேயும் படகோனியாவிலும் ட்ரவுட் இயல்பாக இருந்த மீன் இல்லை, 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மனிதர்கள் கொண்டுபோய் விட்டது. இப்போது அங்கே பிறந்து வளர்ந்ததைப் போலவே திரிகிறது.

பயணம் பதிவு செய்த பிறகு பருவத்தையே மூடிவிட்டால்?

நடக்கிறது. கலிபோர்னியாவில் சினூக் எண்ணிக்கை சரிந்ததால் 2023-லும் 2024-லும் கடல் சால்மன் பருவத்தை முழுவதுமாக ரத்து செய்தார்கள். நார்வேயில் 2024 ஜூனில், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை நிறுத்தினார்கள். ஆகவே முன்பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: அரசு பருவத்தை மூடினால் பணம் திரும்புமா, வேறு மீனுக்குக் கூட்டிப்போவீர்களா, தேதி மாற்றித் தருவீர்களா? "அப்படியெல்லாம் ஆகாது சார்" என்ற பதிலை பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறா, ஏரியா, கடலா?

கடலிலும் பெரிய ஏரியிலும் மீன் இன்னும் இரை தேடிக்கொண்டிருக்கும். படகு மெதுவாக ஊர, பின்னால் போலி இரையை ஆழத்தில் இழுத்துப் போவார்கள். இதற்கு ட்ரோலிங் என்று பெயர். ஆழத்தைப் பிடித்துவைக்க டவுன்ரிகர் என்று ஒரு கருவி, அதாவது கம்பியில் தொங்கும் கனத்த குண்டு. மீன் கடித்ததும் நரம்பு குண்டிலிருந்து கழன்றுகொள்ளும். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம், திடீரென்று கோல் துள்ளும். பொறுமை உள்ளவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இது நல்லது.

அமெரிக்காவின் பேரேரிகளில் சால்மன் இருப்பதே ஒரு தனிக்கதை. ஏல்வைஃப் என்ற சின்ன மீன் ஏரிகளில் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. அதைத் தின்ன ஆள் வேண்டும் என்றுதான் 1966-இல் மிச்சிகன் மாநிலத்தார் கோஹோ குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அடுத்த வருடம் சினூக். தொல்லையை அடக்க வந்த மீனைப் பிடிக்க இப்போது ஊரே திரள்கிறது.

ஆறு வேறு உலகம். நடக்க வேண்டும், தண்ணீருக்குள் நிற்க வேண்டும், பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்ளும் கோடு, பாறைக்குப் பின்னால் சுழி, வளைவில் இருக்கும் மடு ஆகியவற்றில்தான் மீன் இருக்கும். உடல் மெதுவான நீரில், வாய் வேகமான நீருக்குப் பக்கத்தில். நாம் கடை வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதைப் போல. எனக்குப் பிடித்தது ஆறுதான், மறைப்பானேன்.

ஆற்றுக்கு வந்த சால்மன் ஒன்றும் சாப்பிடாதாமே? பிறகு எப்படி முள்ளைக் கடிக்கும்?

சாப்பிடாது என்பது உண்மை. நன்னீருக்குள் வந்ததும் அதற்குப் பசி அடங்கிவிடும். உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துக்கொண்டே மேலேறும். பிறந்த ஓடையின் வாசனையைக் குஞ்சாக இருக்கும்போதே மனதில் பதித்துக்கொண்டு அதை வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்பதை ஆர்தர் ஹாஸ்லர் என்ற விஞ்ஞானி 1950-களில் ஆய்வுக்கு எடுத்து விளக்கினார்.

அப்படியும் ஏன் கடிக்கிறது? எரிச்சல், தன் இடத்தைக் காக்கும் குணம், கடலில் இருந்தபோது ஏற்பட்ட பழக்கம் என்று பல விளக்கங்கள் சொல்வார்கள். அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. நடைமுறையில் இதற்கு அர்த்தம் ஒன்றுதான்: ஒரே மடுவில் இருபது முறை போலி இரையை ஓட்டியும் அசையாத மீன், இருபத்தொன்றாவது முறை பாய்ந்து கவ்வும். அலுத்துக்கொள்பவருக்கு ஆற்று சால்மன் சரிப்படாது. சாக்கை இதில் இன்னும் பிடிவாதம். கடலிலேயே மிதக்கும் சின்னஞ்சிறு உயிரிகளை வடிகட்டித் தின்று வளர்ந்த மீன் அது.

ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஸ்பின்னிங் ரீலும், ஸ்பூன் அல்லது ஸ்பின்னர் என்ற உலோகப் போலி இரையும் போதும். ஆனால் சில ஆறுகளில் ஃப்ளை மட்டுமே அனுமதி, அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளை என்றால் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி. அதற்கு எடையே இல்லாததால் கனமான நரம்பை வீசி அதைக் கொண்டுபோக வேண்டும், கையில் பழக வேண்டிய வித்தை அவ்வளவுதான். நீர்ப்பரப்பில் மிதக்கும் பூச்சியை ட்ரவுட் வந்து உறிஞ்சுவது பார்க்க அழகு. ஆனால் அது தின்பதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் உருண்டு வரும் பூச்சிக் குஞ்சுகள்தான். படத்தில் பார்த்ததை மட்டும் நம்பி மிதக்கும் ஃப்ளையோடு நாள் முழுக்க நிற்காதீர்கள்.

கோல், ரீல், துணிமணி: என்ன எடுத்துப்போவது?

கோலும் ரீலும் அங்கே தருவார்கள். நீங்கள் எடுத்துப்போக வேண்டியது போலரைஸ்டு கண்ணாடி (நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டி மீனைக் காட்டும், பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்), தொப்பி, மழைச் சட்டை, உள்ளே கம்பளி. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது.

ஆற்றில் நிற்க வேடர்ஸ் என்ற நீர்புகாத உடை மார்பு வரை வரும். இடுப்புப் பெல்ட் இல்லாமல் அதைப் போடாதீர்கள். விழுந்தால் தண்ணீர் உள்ளே புகும் வேகத்தை அந்தப் பெல்ட்தான் குறைக்கும். ஒருவேளை ஆறு இழுத்துவிட்டால் எழுந்து நிற்கப் போராட வேண்டாம். மல்லாந்து, கால் முன்னே ஓட்டத்தின் திசையில் இருக்கும்படி மிதந்து, ஓட்டம் தணியும் இடத்தில் கரை சேருங்கள். காலணியின் அடி ஃபெல்ட்டா (அழுத்திய கம்பளித் துணி) என்றும் பாருங்கள். டிடிமோ என்ற பாசி ஆற்றுக்கு ஆறு ஒட்டிக்கொண்டு போகிறது என்று நியூசிலாந்து 2008-இல் ஃபெல்ட் அடியைத் தடை செய்தது. வேறு ஆற்றிலிருந்து வந்தால் எதையும் கழுவி உலர்த்தாமல் இறங்காதீர்கள்.

உரிமம் யார் பொறுப்பு?

உங்கள் பொறுப்பு. கைடு ஏற்பாடு செய்தாலும் பெயர், தேதி, நீர்நிலை சரியா என்று நீங்களே வாசியுங்கள். விதிகள் இடத்துக்கு இடம் அவ்வளவு மாறும். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது. அங்கே ஏப்ரல் 1-க்கு முன் பிடிக்கும் சால்மனைத் திரும்ப விட்டே ஆக வேண்டும். இதற்கு நேர்மாறாக சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே மீன் பிடிப்பது கூடாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இன்னும் வேடிக்கை: அங்கேயே தோன்றிய கட்த்ரோட் ட்ரவுட்டை விட வேண்டும், யெல்லோஸ்டோன் ஏரியில் பிடிபடும் லேக் ட்ரவுட்டைக் கொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்து கட்த்ரோட்டை அழிக்கும் மீன் அது. ஆக எந்த மீன் மாட்டியிருக்கிறது என்று அடையாளம் தெரியாமல் அங்கே தூண்டில் போடவே முடியாது.

நல்ல கைடை எப்படிக் கண்டுபிடிப்பது?

படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நானே ஏமாந்திருக்கிறேன். பளபளக்கும் பெரிய கோஹோக்கள் நிறைந்த படங்களை நம்பி ஜூலையில் இடம் போட்டேன். போய் நின்ற பிறகுதான் அவை எல்லாம் செப்டம்பரில் எடுத்தவை என்று தெரிந்தது. மூன்று நாளில் நான் பார்த்தது ஒரே ஒரு குட்டி மீன். யார் மேலும் வழக்குப் போட முடியாது, தேதியைக் கேட்காதது நான்தான்.

அதன்பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி: "போன வருடம் இதே வாரத்தில், உங்கள் படகில், மிக மோசமான நாள் எப்படி இருந்தது?" நேர்மையானவர் யோசித்து விவரமாகச் சொல்வார். மழையில் ஆறு கலங்கினால் என்ன செய்வீர்கள், ஒரு படகில் எத்தனை பேர், உயிர்காப்பு உடை ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா என்பதெல்லாம் அடுத்தது.

மீன் மாட்டியதும் என்ன செய்வது?

கோல் நுனி ஒருமுறை தட்டும், இரண்டாம் முறை வளையும், அப்புறம் ரீல் கிர்ரென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் செய்யும் தவறு கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது. நானும் செய்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், கையில் கனமில்லாத கோல், தண்ணீரில் ஒன்றுமே நடக்காததைப் போன்ற அமைதி.

ரீலில் டிராக் என்ற பிரேக் இருக்கிறது, நரம்பு அறுமுன் நழுவட்டும் என்பதற்காக. மீன் ஓடினால் ஓட விடுங்கள், கைப்பிடியைத் தொடாதீர்கள். அது நின்றால் கோலை மெதுவாக மேலே தூக்கி, இறக்கும்போது மட்டும் சுற்றுங்கள். கோலை வானத்தைப் பார்த்து நட்டுவைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் மீன் சீக்கிரம் திரும்பும். நீரை விட்டுத் துள்ளினால் கோல் நுனியைத் தாழ்த்துங்கள், நரம்பு தளர்ந்து வெட்டு வாங்காது. படகருகே வந்ததும் ஒரு கடைசி ஓட்டம் உண்டு. பெரும்பாலான மீன்கள் தப்புவது அங்கேதான், "பிடித்தாயிற்று" என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில். கைவலை தலைப்பக்கம் வரட்டும், வாலைத் துரத்த வேண்டாம்.

மீன் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு அளவு: தூண்டிலில் பிடிபட்ட சினூக்கில் சாதனை, அலாஸ்காவின் கெனாய் ஆற்றில் 1985 மே மாதம் கிடைத்தது, 97 பவுண்டு 4 அவுன்ஸ், கிட்டத்தட்ட 44 கிலோ. உங்களுக்கு மாட்டுவது அதில் கால்வாசி இருந்தாலும் மறுநாள் தோள்பட்டை ஞாபகப்படுத்தும்.

விடுவதாக இருந்தால் எப்படி விடுவது?

முதலில் முள்ளின் எதிர்க்கொக்கியை, அதாவது முனைக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை, இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு எதிர்க்கொக்கி இல்லாத முள் கட்டாயம், கட்டாயமில்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். அதன் மேலிருக்கும் வழவழப்புதான் நோய்க்கு எதிரான தோல், காய்ந்த கை அதை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள், வயிற்றைப் பிசையாதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயார் செய்துவிட்டுத் தூக்குங்கள், நீங்கள் மூச்சடக்கும் நேரம்தான் மீனுக்கும். பிறகு தலை ஓட்டத்தை எதிர்நோக்கி இருக்கும்படி நீருக்குள் தாங்கிப் பிடியுங்கள். வால் உங்கள் விரல்களுக்குள் ஒருமுறை இறுகி உதைக்கும். அப்போது கையைத் திறங்கள்.

எடுத்துப்போய்ச் சாப்பிடலாமா? பச்சையாகவும் சாப்பிடலாமா?

அனுமதித்த எண்ணிக்கைக்குள் எடுக்கலாம். பிடித்ததும் தலையில் தட்டி முடித்து, செவுளை வெட்டி ரத்தம் வடித்து, பனிக்கட்டியில் போட வேண்டும். இதை ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டாலும் ருசி சொல்லிக் கொடுத்துவிடும். முட்டையிடும் இடத்துக்கு ஏறிக் கறுத்துச் சிவந்த மீனின் சதை தளர்ந்திருக்கும், அதை விட்டுவிடுவதே நல்லது. கடலிலிருந்து புதிதாக வந்தது வெள்ளியாக மின்னும்.

பச்சையாக என்றால் அனிசாகிஸ் என்ற புழுவை நினைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்தால் செத்துவிடும். பல வீட்டுக் குளிர்பெட்டிகள் அந்தக் குளிருக்கு இறங்குவதில்லை. சமைத்துவிடுங்கள், கவலை தீர்ந்தது. இன்னொன்று, நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்பதே சட்டவிரோதம். உணவகத்தில் கேட்டால் கிடைக்காது, பிடிக்க வேண்டும் அல்லது பிடித்தவர் தர வேண்டும்.

கடலில் குமட்டுமே?

மாத்திரையைப் படகேறும் முன்பே போடுங்கள், தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அடிவானத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ச் சாப்பாடும் வேண்டாம்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

போகலாம், ஆனால் அரை நாள்தான். சால்மனுக்கு ஆறு மணி நேரம் காத்திருக்கச் சொல்லாதீர்கள். மீன் விட்டு வளர்க்கும் ட்ரவுட் குளத்தில் தக்கையும் புழுவுமாக உட்கார வைத்தால் தக்கை முங்கும் அந்த நொடிக்கே அவர்கள் கூச்சலிடுவார்கள்.

படகுக்கு வாழைப்பழம் கொண்டுவரக் கூடாது என்கிறார்களே, விதியா?

விதி இல்லை, மூடநம்பிக்கை. வாழைப்பழம் ஏறினால் மீன் வராது என்று பல படகுக்காரர்கள் நிஜமாகவே நம்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. நான் இதில் வாதம் செய்வதில்லை. காலையிலேயே தின்றுவிட்டு, தோலைக் கரையிலேயே போட்டுவிட்டு ஏறுவேன்.